ரெண்டாவது ட்ராக்

ஷிஜினுக்குத் தொண்டை கட்டத் தொடங்கியபோது வீட்டில் யாரும் அதை ஒரு காரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. மயிலாடியில் கல் வேலைக்குப் போகிறவர்களில் பாதிப்பேருக்குத் தொண்டை அப்படித்தான் இருக்கும். அவன் உளி பிடிக்கிறவன்கூட இல்லை. கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து கொடுத்தால் அதைக் கருங்கல்லில் அப்படியே கொத்தி எடுக்கிற மெஷின் ஒன்று பட்டறையில் உண்டு, அதை ஓட்டுகிறவன். கண்ணாடி அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் கல்தூசிக்குக் கண்ணாடியெல்லாம் ஒரு தடையா? சாயங்காலம் வந்து தலையைத் துவட்டினால் துண்டில் மாவுபோல ஒட்டியிருக்கும்.

பெமிலா பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். அவளுக்கு அஞ்சுகிராமத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கடையில் இருக்கிற இருமல் மருந்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆடிக்காற்று ஓய்ந்தால் சரியாகும் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். காற்று ஓய்ந்தது. காற்றாலைகளெல்லாம் கை விரித்தபடி நின்றன. ஐப்பசி மழை பெய்து, குளங்கள் நிறைந்து, வயலில் கும்பப்பூ நெல் பால் பிடிக்கிற காலமும் வந்தது. அவன் குரல் மட்டும் திரும்பவில்லை. தகரத்தில் ஆணியை இழுப்பதுபோல ஆனபிறகுதான் டாக்டரிடம் போனார்கள். அவர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அங்கிருந்து திருவனந்தபுரம்.

தொண்டையில் புற்றுக்கட்டி என்றார்கள். முதலில் கரண்ட் வைத்து, அதாவது ரேடியேஷன் கொடுத்துப் பார்த்தார்கள். கழுத்துத் தோல் கறுத்துக் கருவாடு மாதிரி விறைத்தது. கட்டி போகவில்லை. குரல்வளையை முழுதாக எடுத்தால்தான் ஆள் இருப்பான் என்றார்கள்.

"தூசியினாலயா சார்?" என்று பெமிலா கேட்டாள்.

"தூசியாவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார் டாக்டர்.

ஷிஜின் கடைசியாகப் பேசியது என்னவென்று பெமிலாவுக்குத் தெரியாது. ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் தலையைத் தூக்கி ஏதோ சொன்னான். கரகரப்பில் விளங்கவில்லை. பின்னால் வேறு ஒரு ஆளின் கட்டிலும் உள்ளே போகக் காத்து நின்றது. அவள் "சரி, சரி" என்று தலையாட்டி அனுப்பிவிட்டாள். பிறகு அவனிடம் அதை எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்டாள். அவனுக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கழுத்தின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு துளை இருந்தது. மூச்சு அந்த வழியாகத்தான். மூக்கு சும்மா முகத்தில் இருந்தது. முதல் நாள் அவள் அயிலை மீன் குழம்பு வைத்து, அவனுக்கு மட்டும் முள்ளில்லாமல் பிசைந்து கொடுத்தாள். அவன் தட்டை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். மணம் தெரியவில்லை. சாயா சூடாக இருந்தால் ஊதிக் குடிக்க முடியாது. ஊதுவதற்கு வாயில் காற்று வராது. அவள் இரண்டு டம்ளரிலும் மாற்றி மாற்றி ஆற்றிக் கொடுப்பாள். குளத்தில் இறங்கக்கூடாது. தூசி ஆகவே ஆகாது. அதோடு பட்டறை வேலையும் போயிற்று. கழுத்தில் வைத்து அமுக்கினால் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கரண்ட் வைத்த கழுத்தில் அது சரியாகப் பிடிக்கவில்லை. வண்டு இரைவதுபோல ஒரு சத்தம் வந்தது. மகள் ஜினிஷா அதைக் கேட்டு ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள். பிள்ளைக்கு நாலு வயது. அவன் அந்தக் கருவியை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு போன்தான். அவன் தமிழில் தட்டுவான். போன் அதை வாசிக்கும். வாசிக்கிற குரல் ஒரு பெண்ணின் குரல். பள்ளிக்கூடத்து டீச்சர் வருகைப்பதிவு எடுப்பதுபோல, ஒவ்வொரு எழுத்தையும் நின்று நின்று சொல்லும். "ஏட்டி, வெள்ளம் கொண்டா" என்று அவன் தண்ணீர் கேட்டுத் தட்டினால், அது யாரோ யாருக்கோ மேடையில் சொல்வதுபோலக் கேட்கும். முதல் சில நாள் பெமிலாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

*

ஷிஜினுக்குக் குடி கிடையாது, பீடி கிடையாது. ஒரேயொரு பைத்தியம் உண்டு, வீடியோ கேம். விளையாடுவதைக் காட்டிலும் அதைப் பதிந்து வைப்பதில்தான் அவனுக்கு மோகம். அதிலும் பழைய கேம்கள். செய்த கம்பெனியே மூடிப்போய், இப்போதுள்ள கம்ப்யூட்டர்களில் ஓடாமல் போனவை. கோட்டாறிலும் திருவனந்தபுரத்திலும் பழைய சாமான் கடைகளில் தேடி, டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டிகளை வாங்கி வருவான். அவனே பிரித்துத் துடைத்து, சால்டரிங் வைத்து ஓடவைப்பான். ஒரு கேமைத் தொடக்கம் முதல் முடிவு வரை, ஒரு மூலையும் விடாமல் விளையாடி, ஒரு புள்ளி நிறம்கூடக் குறையாமல் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். அப்படி ஏற்றினால் ஒரு வீடியோ மலைபோல இடம் பிடிக்கும். அதற்காகவே பெரிய பெரிய ஹார்ட் டிஸ்க்குகள். அவற்றைத் தூசி படாமல் பிளாஸ்டிக் டப்பாவில், மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் அரிசி முடிச்சோடு வைத்திருப்பான். பெமிலாவின் நகைகள் இருந்தபோது அவை சாதாரண அலமாரியில்தான் இருந்தன.

யூடியூபில் அவனுக்கு ஒரு சேனல் இருந்தது. பேச்சு கிடையாது, முகம் கிடையாது, கேம் மட்டும் ஓடும். எங்கெங்கோ நாடுகளிலிருந்து ஆட்கள் பார்ப்பார்கள். "நான் சிறுவனாக இருந்தபோது என் தம்பியோடு விளையாடியது, இனிப் பார்க்கவே முடியாது என்று நினைத்தேன்" என்று ஒருவர் பிரேசிலிலிருந்து எழுதியதை அவன் பெமிலாவுக்குத் தமிழாக்கி வாசித்துக் காட்டியிருக்கிறான். "நடுவில் யாரும் பேசி இடைஞ்சல் செய்யாததற்கு நன்றி" என்று அநேகமாக எல்லோரும் எழுதுவார்கள்.

ஆனால் விளையாடும்போது அவன் பேசிக்கொண்டேதான் இருப்பான். கோட்டாற்றுக்காரன் ஃபாயிஸ், அவனோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், சவூதியில் தம்மாமில் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நெட் வழியாக இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். மூடின கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பேச்சும் சிரிப்பும் கேட்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை பெமிலா அதைக் காதில் வாங்கியதே இல்லை.

*

பங்குனி வெயிலில் செக்கப்புக்குப் போனபோது பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அவர்களை உட்காரவைத்துப் பேசினாள். பாறசாலைக்காரி. தமிழ் நன்றாக வரும்.

"இவங்க பழைய பேச்சு எதெங்கிலும் ரெக்கார்டு உண்டோ அக்கா? சொகமில்லாம ஆகுறதுக்கு முன்னாடி உள்ளது?"

"எதுக்கு?"

"இப்ப புதுசா ஒரு ஆப் வந்திருக்கு. பழைய குரல அதுக்குக் குடுத்தா, டைப் செய்யுறத அந்தக் குரல்லயே சொல்லும். ஆனா நல்ல கிளியரா வேணும். பின்னால பாட்டு, வண்டிச் சத்தம், வேற ஆள் பேசுறது ஒண்ணும் இருக்கப்பிடாது."

"கல்யாண வீடியோ இருக்கு."

"அதுல பூரா பாட்டுதானே போட்டு வச்சிருப்பாங்க."

பெமிலா பதில் சொல்லுமுன் ஷிஜின் போனை எடுத்துத் தட்டத் தொடங்கினான். விரல் தடுமாறி அழித்து அழித்துத் தட்டினான். பெண்குரல் வாசித்தது: "எங்கிட்ட இருக்கு. வருசக்கணக்கா இருக்கு. மைக் தனி ட்ராக். கேம் சத்தம் அதுல வராது."

"அப்ப பின்ன என்ன?" என்றாள் அந்தப் பெண். "கொண்டு வாங்க. நாம செய்யலாம்."

நாகர்கோவில் பஸ்ஸில் அவன் வழியெல்லாம் போனில் எழுதி எழுதி அவளிடம் நீட்டினான். பஸ் இரைச்சலில் பெண்குரல் கேட்காது என்பதால் வாசிக்கக் கொடுத்தான். வீடியோவில் படம் ஒன்றுதான், சத்தம் மட்டும் ரெண்டு தடமாகப் பதிவாகும். முதல் தடத்தில் கேம். ரெண்டாவதில் அவன் குரல் மட்டும். யூடியூபில் போடும்போது முதல் தடம்தான் போகும். ரெண்டாவது வீட்டிலேயே இருக்கும். ஃபாயிஸ்தான் பண்டு சொன்னானாம், பேச்சையும் பதிஞ்சு வையிலே, வயசான காலத்துல கேட்டுச் சிரிக்கலாம் என்று.

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல்லியே?" என்றாள்.

"நீ கேட்டா திட்டுவ. ஒன்னப் பத்தியும் பேசியிருக்கேன்" என்று எழுதிக் காட்டினான்.

மார்த்தாண்டத்தில் பஸ் நின்றபோது அவன் இறங்கிப்போய் அவளுக்கு ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கி வந்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது. அவள் ஒரு துண்டைக் கடித்தபடி சொன்னாள்: "டிஸ்க் எல்லாம் அபினேஷ்கிட்ட இருக்கு. போன ஒடனே போன் போட்டுக் கொண்டுவரச் சொல்லுகேன்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "எதுக்கு அவங்கிட்ட?" என்று எழுதினான்.

"கல்யாண சீசனுக்கு எடம் இல்லன்னு கேட்டான். நீங்க ஐசியூல கெடந்திய. பத்திரமாத்தான் வச்சிருப்பான்."

அவன் போனைப் பையில் வைத்தான். வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

*

அபினேஷ் அவனுடைய தம்பி. தகப்பனும் தாயும் அடுத்தடுத்துப் போனபின் ஷிஜின்தான் அவனைப் படிக்கவைத்தான். கேமரா வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். இப்போது அஞ்சுகிராமத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்துக் கல்யாணம், சடங்கு, சர்ச் பண்டிகை என்று வீடியோ எடுக்கிறான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தவனும் அவன்தான். ரத்தத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

மறுநாள் காலையில் பைக்கின் முன்னால் ஒரு அட்டைப்பெட்டியும் பின்னால் ஒரு மட்டி வாழைக்குலையுமாக வந்தான்.

"மைனி, சாயா போடுங்க" என்றான், செருப்பைக் கழற்றுமுன்பே. "அண்ணே, ஒனக்கு ஒரு வேலை செஞ்சு வச்சிருக்கேன், பாரு. நீ ஒடம்பு தேறட்டும்னுதான் சொல்லல்ல."

பெட்டியிலிருந்து டிஸ்க்குகளை எடுத்து மேசையில் அடுக்கினான். "ஒவ்வொரு வீடியோவும் எவ்வளவு பெருசு தெரியுமா மைனி? நான் எடுக்குத கல்யாணத்தக் காட்டியும் பெருசு. எல்லாத்தையும் கன்வெர்ட் போட்டு இத்தனூண்டு ஆக்கிட்டேன். ரா முழுக்க ஓடவிட்டு, எத்தன நாள் ஆச்சு தெரியுமா? ஒண்ணும் விடல்ல. எல்லாத்துக்கும் பேரு போட்டு வரிசையா வச்சிருக்கேன். மொத்தமும் இப்ப இந்த ஒரு டிஸ்க்குல அடங்கிட்டு."

ஷிஜின் அந்த டிஸ்க்கை வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டினான். ஒன்றைத் திறந்தான். இருட்டில் ஒரு கடல், தூரத்தில் ஒரு படகு, படகில் சின்னதாய் ஒரு விளக்கு. அவன் படத்தை நிறுத்தி, கடலின் மேல் விரலை வைத்தான்.

பெமிலா குனிந்து பார்த்தாள். "என்ன? கடல்தானே?"

அவன் விரலை இன்னும் அழுத்தினான். கறுப்புத் தண்ணீரில் தரையில் ஓடு பதித்ததுபோலச் சின்னச் சின்னச் சதுரங்கள் இருந்தன. அவன் காட்டியபிறகும் அவளுக்கு அது அவ்வளவாகத் தெரியவில்லை.

"நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

அவன் வேறெங்கோ அமுக்கி, சத்தத் தடங்களின் பட்டியலைத் திறந்தான். அதில் ஒரே ஒரு வரி இருந்தது. மூடிவிட்டு அடுத்த வீடியோவைத் திறந்தான். அதிலும் ஒரு வரி. அடுத்தது. அதற்கடுத்தது. மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. கழுத்துத் துளையின் மேல் கட்டியிருந்த துணி வேகமாக உப்பி உப்பி அடங்கியது.

"என்னண்ணே? ஓடுதுல்லா?" என்றான் அபினேஷ்.

ஷிஜின் போனை எடுத்தான். பெண்குரல் கேட்டது: "ரெண்டாவது ட்ராக் எங்க?"

"எந்த ரெண்டாவது ட்ராக்?"

"மைக்."

"மைக்கா? நீ பேசி வீடியோ போடமாட்டியே அண்ணே." அவன் பெமிலாவைப் பார்த்தான். "கன்வெர்ட் போட்டா ஒரு ஆடியோதான் வரும். நான் வேற ஒண்ணும் பாக்கல்லியே."

"ஒரிஜினல் எங்க?"

அபினேஷ் சாயாவை மேசையில் வைத்தான். "அதத்தான் அழிச்சேன் அண்ணே. அழிக்காம எடம் எப்படிக் கெடைக்கும்?"

"அழிச்சதுக்கு மேல என்ன பதிஞ்ச?"

"மேல... மேல எல்லாம் கல்யாணம் போட்டாச்சு. தை மாசத்துல மட்டும் மூச்சு விடல்ல. பெறவு அத அழிச்சு மறுபடியும் போட்டாச்சு." அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "என்ன மைனி இருந்து அதுல? இவன் எதுக்கு இப்படிப் பாக்கான்?"

பெமிலா சொன்னாள். ஆஸ்பத்திரிப் பெண் சொன்னது, பஸ்ஸில் இவன் எழுதிக் காட்டியது எல்லாம். அபினேஷ் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான். அவளும் பின்னால் போனாள்.

"நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அபினேஷ்."

"கேட்டேனே மைனி. ஆஸ்பத்திரி வராந்தாவுல வச்சுக் கேட்டேன். நீங்கதானே எடுத்துக்கோன்னு சொன்னிய."

"எடுத்துக்கோன்னுதான் சொன்னேன். அழின்னு சொன்னேனா?"

"யூடியூப்ல எல்லாம் கெடக்குல்லா, பெறவு என்னன்னு சொன்னிய. நான் அதையும் அழிக்காம, சின்னதாக்கி ஒண்ணு விடாம வச்சேன். அவனுக்குப் பிரியமானதுன்னு தெரியும்லா எனக்கு."

அவள் சொன்னதுதான். அந்த வராந்தாவில் கையில் மருந்துச் சீட்டோடு நின்று, இந்த விளையாட்டுச் சாமானெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும் என்ற எரிச்சலில் சொன்னாள். சொன்ன குரலும் அவளுக்கு நினைவிருந்தது.

பக்கத்துப் பட்டறையில் யாரோ கல்லறுக்கிற மெஷினை ஓடவிட்டார்கள். ஷிஜின் கழுத்துத் துணியைக் கையால் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றான். போனை நீட்டினான். அந்த இரைச்சலிலும் அது கேட்டது: "பரவால்ல. சாயா குடிச்சிட்டுப் போ."

அபினேஷ் தூணில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். சாயா குடிக்கவில்லை.

*

நாகர்கோவிலில் அழிந்த டிஸ்க்குகளை மீட்டுக்கொடுக்கிற கடை ஒன்று உண்டு. பெமிலா மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள். அங்கிருந்த பையன் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தான். வெளியே வெயில் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது.

"யாரோ வெத்தல தாம்பூலம் எடுத்துக் கொடுக்காங்க அக்கா" என்றான். "இதுல பூரா கல்யாண வீடுதான் வருது."

"அதுக்கு அடியில உள்ளது?"

"அடியிலன்னு ஒண்ணு கெடையாது அக்கா. மேல எழுதினா முன்ன எழுதினது இல்ல. அவ்வளவுதான்."

அவள் ஃபாயிஸுக்குப் போன் அடித்தாள். ஆபரேஷன் நடந்தது அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு பேசக் கூச்சப்பட்டு அழைக்காமலிருந்தான்.

"நான் ஒண்ணும் வைக்கல்லியே தங்கச்சி" என்றான். "நெட்ல பேசுனது நெட்டோட போச்சு. அவன் பதியுகான்னு எனக்குத் தெரியும். அவங்கிட்டதான் பத்திரமா இருக்கும், அவனக் காட்டியும் ஆரு பத்திரமா வைப்பான்னு நான் விட்டுட்டேன்." "டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்தா அவன் பேச்சுதான் தங்கச்சி எனக்கு. ரூம்ல நாலு பேரு இருக்கான். ஒருத்தங்கிட்டயும் அப்படிப் பேச வராது. இப்ப வந்தா சும்மா படுத்துக் கெடக்கேன்."

"வாய்ஸ் மெசேஜ் ஏதாவது?"

"அவன் வாய்ஸ் அனுப்ப மாட்டானே. பட்டறைச் சத்தம்னு எழுதித்தானே அனுப்புவான்."

அவளுடைய போனிலும் அப்படித்தான். பால் வாங்கு, பிள்ளைக்குக் காய்ச்சலா, வர லேட்டாகும். எல்லாம் எழுத்து. கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். சர்ச்சில் அவன் உடன்படிக்கை சொல்கிற இடத்தில் வாய் அசைந்தது. மேலே பாட்டு ஓடியது. மாலை போட்டுக்கொண்டு நின்று யாரையோ பார்த்துச் சிரித்தான், அங்கேயும் பாட்டுதான். அபினேஷ் எடிட்டிங் பழகிய புதிதில் அவனே உட்கார்ந்து போட்ட பாட்டுகள்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்த நேரம், அபினேஷ் வந்து நடைக்கு வெளியே நின்றான். அன்றைக்குப் போனவன் அதுவரை வந்திருக்கவில்லை. உள்ளே வரச் சொன்னதற்குத் தலையாட்டினான், வரவில்லை. ஒரு பென் டிரைவை நீட்டினான்.

"ஒண்ணு மட்டும் கன்வெர்ட் ஆகல்ல மைனி. கரண்ட் போய்ப் பாதியில நின்ன வீடியோ போல. கேடுன்னு தள்ளிப் போட்டிருக்கு. அழிக்கதுக்கு மறந்திருக்கேன். அதுல ரெண்டு ஆடியோ காட்டுது. நான் கேக்கல்ல. எனக்குக் கேக்கத் துணிச்சல் இல்ல."

ஷிஜின் அதை மாட்டி, கேம் சத்தத்தை அடைத்துவிட்டு ரெண்டாவதை மட்டும் ஓடவிட்டான். முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு நாற்காலி நகர்ந்தது. பிறகு அவன் குரல்.

"ஆ, கேக்குதுலே. சொல்லு."

பெமிலா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கரகரப்புக்கு முந்தைய குரல். அவள் மறந்துபோயிருந்தாள். இப்படி ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் மேலே தூக்கி விடுவான் என்பதையே மறந்திருந்தாள்.

ஃபாயிஸ் பேசுவது அதில் இல்லை. இவன் பதில்கள் மட்டும், நடுவில் நீளமான வெறுமையோடு வந்தன. "இல்லடே, இங்க ஒரே காத்து. தென்னமட்ட விழுந்து ஓடு ஒடஞ்சு கெடக்கு." பிறகு ஒன்றுமில்லை. "அவளா? வேலைக்குப் போயிருக்கா." மறுபடி ஒன்றுமில்லை. ஒரு சிரிப்பு. "போலே." இருமல். "இரு, இந்தப் பாலத்தத் தாண்டட்டு... சவம், விழுந்துட்டேன்." மின்விசிறிச் சத்தம், வெகுநேரம். "பிள்ள எந்திரிச்சிட்டா போலுக்கு. இரு, நான் போயி..."

அதோடு நின்றது. கரண்ட் போன இடம் அது.

அவ்வளவுதான் இருந்தது. ஆனாலும் ஷிஜின் அன்றைக்கே உட்கார்ந்து, வெறுமையையெல்லாம் வெட்டி, பேச்சை மட்டும் சேர்த்து, அந்த ஆப்பில் ஏற்றினான். இது போதாது, இன்னும் வேண்டும் என்று அது எழுதிக் காட்டியது. இருப்பதை வைத்துச் செய் என்று இவன் அமுக்கினான். கொஞ்சநேரம் சுற்றிவிட்டுத் தயார் என்றது. அவன் தட்டினான்.

"பெமிலா, சாப்பிட்டியா?" என்றது.

ஆண்குரல்தான். அவன் குரலின் ஒரு சாயலும் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் சொல்லெல்லாம் தட்டையாக, வெட்டிவைத்த கல்போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தூக்கி விடுகிற இடத்தில் தூக்கவில்லை. இழுக்கிற இடத்தில் இழுக்கவில்லை.

ஷிஜின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க குரல் மாதிரிதான் இருக்கு" என்றாள்.

"பொய் சொல்லாத, பெமிலா" என்றது ஆப். அந்தக் கோபமும் அதற்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் செய்வதுபோல இருந்தது.

"மெட்ராஸ்ல இருந்து ஆரோ பேசுத மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

அவன் தலையாட்டினான். கழுத்துத் துணி ஒருமுறை உப்பி அடங்கியது. அது சிரிப்பா பெருமூச்சா என்று இப்போதெல்லாம் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. இன்னும் ரெண்டு நாள் அதை அப்படி மாற்றி இப்படி மாற்றிப் பார்த்தான். பிறகு அழித்துவிட்டான். பழைய பெட்டிகளையும் வயர்களையும் சுருட்டி அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினான். மறுபடி எல்லாக் கேமையும் முதலிலிருந்து பதியலாமே என்று பெமிலா ஒருதரம் கேட்டாள். அவன் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். சேனலில் ஆட்கள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள், அடுத்தது எப்போது வரும் என்று.

இப்போது பெமிலா காலையில் கடைக்குப் போவாள். அவன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, சோறு வடித்து, ஜன்னல்களுக்கு ஈரத்துணி கட்டித் தூசியைத் தடுத்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பான்.

ஆனி பிறந்து காற்றும் பிறந்திருந்தது. லீவு நாள். பெமிலா மரச்சீனிக் கிழங்கை அவித்து, சாளை மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்த வீடியோவின் குரலை மட்டும் அவள் தன் போனில் ஏற்றி வைத்திருந்தாள். ஷிஜின் குளியலறையில் இருக்கிறான் என்று நினைத்து அதை மெதுவாக ஓடவிட்டாள். தென்னைமட்டை விழுந்தது. பாலத்திலிருந்து விழுந்தான்.

ஜினிஷா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"இது ஆரும்மா?"

பெமிலாவின் கை நின்றது. திரும்பிப் பார்த்தால் ஷிஜின் அடுக்களை வாசலில் நின்றான், தோளில் ஈரத்துண்டோடு. அவள் வாயைத் திறந்தாள். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு போனில் தட்டினான். பெண்குரல் வாசித்தது:

"அப்பாவோட கூட்டுக்காரன் மக்ளே. தூரமாப் போயிட்டான்."

சினேகிதன் என்ற அர்த்தத்தில் அவன் எழுதிய கூட்டுக்காரனை அது கூட்டு, காரன் என்று உடைத்துச் சொன்னது. பிள்ளைக்கு அது பழக்கமாகியிருந்தது, புரிந்துகொண்டாள்.

"எப்ப வருவாவ?"

அவன் போனைப் பிடித்தபடி நின்றான். அடுப்பில் குழம்பு கொதித்துத் தளும்பியது. பெமிலா எழுந்து தீயைக் குறைத்தாள்.

"அவிய வரமாட்டாவ மக்ளே" என்றாள். "நீ தட்ட எடுத்துட்டு வா. அப்பாவுக்கும் ஒண்ணு எடு."